பிஎஸ்யு எக்ஸ்டென்ஷன் கேபிள்: போடலாமா, கூடாதா? (பெங்களூரு பில்ட்)

வெள்ளைப்பெட்டி | கேஆர் புரம்

வணக்கம் நண்பர்களே. டெஸ்க்டாப் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். ரைசன் 7 7700 சிபியு, பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு (இரண்டு 8 பின் பவர் கனெக்டர் உள்ள மாடல்), 750 வாட் மாடுலர் பிஎஸ்யு (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளை). கேஸ் முழு வெள்ளை, பக்கத்தில் கண்ணாடி. பிஎஸ்யுவோடு வந்த கேபிள்கள் எல்லாம் கறுப்பு. அதுபோக சிபியு கேபிள் மதர்போர்டின் பின்பக்கமாகச் சுற்றிவந்து மேல் மூலையை எட்டவில்லை, ஒரு சாண் குறைகிறது.

எஸ்பி ரோட்டில் வெள்ளை ஸ்லீவ் (பின்னல் உறை) போட்ட எக்ஸ்டென்ஷன் செட் வாங்கி வைத்திருக்கிறேன். மதர்போர்டுக்கு 24 பின் ஒன்று, சிபியு 8 பின் ஒன்று, கார்டுக்கு 8 பின் இரண்டு, எல்லாம் 30 செ.மீ. விற்றவர் "ஏனூ ஆகல்ல சார், தைரியமாகப் போடுங்கள்" என்றார். அடுத்த கடைக்காரர் "போட்டால் கார்டு எரியும், வாரண்டியும் போகும்" என்கிறார். அவரிடம் அந்த செட் ஸ்டாக் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

யார் சொல்வதைக் கேட்பது?

அல்சூர் அண்ணாச்சி

நான் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. கவலைப்படாமல் போடுங்கள் தம்பி. போட்டோ போட மறக்காதீர்கள்.

ராத்திரி ஷிஃப்ட் | ஒயிட்ஃபீல்டு

"எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது பதிலே இல்லை அண்ணாச்சி. ஹெல்மெட் போடாதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

எங்கள் அலுவலக ரெண்டர் மெஷினில் இதே மாதிரி ஸ்லீவ் கேபிள் ஒன்று கருகியது. கார்டு பிழைத்தது, கனெக்டர் பிழைக்கவில்லை. 300 வாட் இழுக்கும் கார்டில் அழகுக்காக ஒரு கேபிளை நடுவே நுழைப்பது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. என் ஓட்டு: வேண்டாம்.

சால்டரிங் மாமா | சிவாஜிநகர்

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பொறுங்கள், கணக்குப் போட்டுவிடுவோம்.

கார்டுக்குப் போகும் 8 பின் கனெக்டருக்கு விதிப்படி 150 வாட். 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். 12 வோல்ட் போகும் பின்கள் மூன்று, ஆகவே பின் ஒன்றுக்குச் சுமார் 4.2 ஆம்பியர். 18 கேஜ் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 21 மில்லி ஓம், 30 செ.மீ.க்கு 6.3. வோல்டேஜ் இறக்கம் 26 மில்லி வோல்ட், திரும்பி வரும் வழியையும் சேர்த்தால் 50க்குள் அடங்கிவிடும். பிஎஸ்யுக்களுக்கான ஏடிஎக்ஸ் விதி 12 வோல்ட்டில் 5 சதவீதம் கூடவோ குறையவோ விடுகிறது, அதாவது 11.4 வரை இறங்கலாம். வயர் ஒன்றில் உண்டாகும் சூடு 0.11 வாட். கையால் தொட்டால்கூடத் தெரியாது.

ஆக, "நீளம் கூடினால் ஆபத்து" என்பது 30 செ.மீ. விஷயத்தில் சும்மா பேச்சு.

ஆனால் எக்ஸ்டென்ஷன் போடும்போது நீங்கள் சேர்ப்பது வயர் மட்டுமில்லை. புதிதாக ஒரு ஜாயின்ட் சேர்க்கிறீர்கள். இந்தக் கனெக்டர் மோலெக்ஸ் கம்பெனியின் மினி-ஃபிட் ஜூனியர் குடும்பம். நல்ல புதுப் பின்னில் தொடும் இடத்து மின்தடை அதிகபட்சம் 10 மில்லி ஓம் என்பது கணக்கு. அதாவது ஒரே ஒரு பின், மொத்த 30 செ.மீ. வயரைவிட அதிகமாகத் தடுக்கலாம். வயர் தன் சூட்டை நீளம் முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். பின்னுக்கு அந்த வசதி கிடையாது. நைலான் உறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பிடிமானம் தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு, சூட்டில் பின்னின் ஸ்பிரிங் மேலும் தளரும். சுவர்ப் பாயின்ட்டில் லூசாக நிற்கும் இஸ்திரிப் பெட்டி ப்ளக் கறுத்துப்போகிறதே, அதே கதைதான்.

ராத்திரி ஷிஃப்ட் தம்பி, உங்கள் ஆபீஸில் கருகியது வயரா, கனெக்டரா?

ராத்திரி ஷிஃப்ட்

கனெக்டர்தான் மாமா. பிஎஸ்யு கேபிளும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடம். கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். எட்டுத் துளைகளில் ஏழில் உலோகம் வாய் விளிம்பை ஒட்டித் தெரிந்தது. ஒன்றில் மட்டும் உள்ளே பின்வாங்கிக் கிடந்தது, கால் பாகம்கூட எதிர்ப் பின்னைப் பிடித்திருக்காது. அதற்குப் பக்கத்துத் துளையின் நைலான் பழுப்பேறி, விளிம்பு வழிந்து வளைந்திருந்தது. பின்வாங்கியது ஒன்று, உருகியது இன்னொன்று. அது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சால்டரிங் மாமா

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். கார்டுக்குள் மூன்று 12 வோல்ட் பின்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன, பிஎஸ்யு பக்கமும் அப்படித்தான். ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் கார்டு குறைத்துக்கொள்ளாது. அதே 12.5 ஆம்பியர் மீதி இரண்டு வழியில் போகும், தலைக்கு 6.25. சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பழுதான பின் சும்மா இருக்கும், அதன் பாரத்தையும் சுமக்கிற பக்கத்துப் பின்தான் வேகும்.

"பிஎஸ்யுவில் ஓவர் கரன்ட் பாதுகாப்பு இருக்கிறதே" என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அது மொத்தக் கரன்ட்டைத்தான் பார்க்கும். கெட்டுப்போன ஜாயின்ட் ஒரு ஆம்பியர்கூட அதிகமாக இழுப்பதில்லை. பிஎஸ்யுவின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், கனெக்டர் உருகிக்கொண்டிருக்கும்போதுகூட.

நேரு பிளேஸ் | புது தில்லி

அப்படியானால் எக்ஸ்டென்ஷனே வேண்டாமே. மாடுலர் பிஎஸ்யுதானே? வெள்ளை நிறத்தில் முழுநீள மாடுலர் கேபிள் செட் வாங்கி நேராகச் செருகிவிடலாம். கூடுதல் ஜாயின்ட் இல்லை. இங்கே எந்த பிஎஸ்யுவுக்கும் பொருந்தும் என்று சொல்லித் தருகிறார்கள்.

சால்டரிங் மாமா

முதல் பாதி சரி. கடைசி வரியை யாரும் நம்பிவிடாதீர்கள், இந்த இழையிலேயே பெரிய ஆபத்து அதுதான்.

கார்டு, மதர்போர்டு பக்கத்துக் கனெக்டரில் எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொது. பிஎஸ்யு பக்கத்துக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆளுக்கொரு வரிசை. ஒரே கம்பெனிக்குள்ளேயே மாறும். கோர்சேர் கம்பெனியில் டைப் 3, டைப் 4 என்று பெயர் வைத்துப் பிரித்திருப்பது அதனால்தான். வடிவம் ஒன்றாக இருக்கும், செருகினால் போகும், 5 வோல்ட் எதிர்பார்க்கும் ஹார்ட் டிஸ்க்கின் தலையில் 12 வோல்ட் இறங்கும். டிஸ்க் அன்றோடு சரி.

எக்ஸ்டென்ஷனின் இரண்டு முனையும் பொது வரிசையில் இருப்பதால் எந்த பிஎஸ்யுவிலும் மாட்டலாம். என்னைக் கேட்டால், உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி அதே கம்பெனி தரும் கேபிள் முதல் தரம். அது கிடைக்காவிட்டால் நல்ல எக்ஸ்டென்ஷன். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" மாடுலர் கேபிள் என் மேஜைக்கே வரக்கூடாது.

தாத்தாவின் கம்ப்யூட்டர் | ஸ்ரீராமபுரம்

நான் வேறு ஒன்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் படித்தேன். கம்ப்யூட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவது பற்றி இல்லையா? பேரன் வீட்டில் ஒரே பாக்ஸில் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரின்டர், ரூம் ஹீட்டர் எல்லாம் இருக்கிறது.

சால்டரிங் மாமா

ஐயா, அது வேறு விஷயம், ஆனால் நல்ல வேளை கேட்டீர்கள். கம்ப்யூட்டர் முழு மூச்சில் 600 வாட் இழுத்தாலும் 230 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குள்தான். ரூம் ஹீட்டர் தனியாகவே 2000 வாட், 8 ஆம்பியரைத் தாண்டும். 6 ஆம்பியர் பாக்ஸ் அதைத் தாங்காது. ஹீட்டரை இன்றைக்கே சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மற்றது இருக்கட்டும், எர்த் இருக்கிறதா என்று மட்டும் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மட்டுறுத்துநர்

சுவர்ப்பக்கத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றித் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கவும். இங்கே கேஸுக்குள் இருக்கும் கேபிள்கள் மட்டும்.

வெள்ளைப்பெட்டி

மாமா, நன்றி. செட் கையில் இருக்கிறது. மாட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? ஸ்லீவ் மூடியிருப்பதால் வயரில் எழுதியிருப்பது தெரியவில்லை.

சால்டரிங் மாமா

ஸ்லீவின் முனையைக் கனெக்டர் பக்கம் மெல்லத் தள்ளினால் கொஞ்சம் சுருங்கி வயர் தெரியும். 18 கேஜ் அல்லது 16 என்று இருக்க வேண்டும் (எண் குறைந்தால் வயர் தடிமன், குழம்ப வேண்டாம்). 20, 22 என்றால் கார்டுக்கு வேண்டாம். 1007 என்ற எண் இருந்தால் அது 80 டிகிரி வரை தாங்கும் இன்சுலேஷன்.

மலிவு செட்டுகளில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசி விற்பதும் உண்டு. அலுமினியம் செம்பைவிட மோசமான கடத்தி, நூற்றுக்கு அறுபது என்கிற அளவுதான். எடை குறைவாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஏதாவது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதற்கு ஒரு கேபிளைப் பலி கொடுக்க வேண்டும், கடைக்காரர் முகம் சுளிப்பார். அவர் பாடு.

வயரைவிட முக்கியம் கனெக்டர். வாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து டார்ச் அடியுங்கள். எல்லாத் துளையிலும் உலோகம் ஒரே ஆழத்தில் தெரிய வேண்டும். பிறகு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து லேசாக இழுங்கள். கிரிம்ப் (வயரைப் பின்னோடு அழுத்திப் பிடித்திருப்பது) சரியில்லாததும், உறைக்குள் கொக்கி மாட்டாததும் அப்போதே நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். மாட்டும்போது கிளிப் "டிக்" என்று பூட்ட வேண்டும்.

இன்னொன்று. சிபியு 8 பின்னும் கார்டு 8 பின்னும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே நேர்மாறு. சிபியு கனெக்டரில் கிளிப் உள்ள பக்கம் 12 வோல்ட். கார்டு கனெக்டரில் அந்தப் பக்கம் கிரவுண்டு. துளைகளின் ஓரத்தில் உள்ள சரிவு வெட்டுகள் வேறு என்பதால் தானாக மாறிப் போகாது, அழுத்திச் செருகினால்தான் போகும். அழுத்த வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்

பிக்டெயிலை விட்டுவிட்டீர்கள். பிஎஸ்யுவிலிருந்து ஒரே கேபிள் வந்து நுனியில் இரண்டு 8 பின்னாகப் பிரியுமே, அதன் இரண்டு நுனியிலும் எக்ஸ்டென்ஷன் மாட்டி "இரண்டு கேபிள் போட்டிருக்கிறேன்" என்பார்கள். பிஎஸ்யு பக்கம் அதே மூன்று பின்தான், 300 வாட் போனால் பின்னுக்கு 8 ஆம்பியருக்கு மேல். 3080க்கு பிஎஸ்யுவிலிருந்தே தனித்தனியாக இரண்டு கேபிள் எடுங்கள்.

சிபியு எக்ஸ்டென்ஷனைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. 7700 முழு வேகத்தில் ஓடினாலும் 90 வாட் பக்கம்தான், அதற்கு நான்கு 12 வோல்ட் பின்கள். ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் கவலை இல்லை.

வெள்ளைப்பெட்டி

பார்த்துவிட்டு மாட்டினேன். 18 கேஜ், செம்புதான். தனித்தனிக் கேபிள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீடு காட்டும் மென்பொருளில் கார்டின் 8 பின் உள்வரவு வோல்டேஜ் காட்டுகிறது. எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டியபோது இரண்டு கனெக்டரிலும் 11.98. எக்ஸ்டென்ஷனோடு முதலாவது 11.91, இரண்டாவது 11.89. இது போதும்தானே?

அல்சூர் அண்ணாச்சி

பிரமாதம். நான்தான் சொன்னேனே. போட்டோ எங்கே?

ராத்திரி ஷிஃப்ட்

போதாது. மாமா, நீங்களே சொல்லுங்கள். ஒரு பின் தொடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வோல்டேஜ் எவ்வளவு இறங்கிவிடும்?

சால்டரிங் மாமா

நல்ல கேள்வி, நியாயமான குறுக்கீடு. கேபிளுக்கு 11 ஆம்பியர் என்று வைப்போம். மூன்று வழியில் போனால் 3.7 வீதம், இரண்டு வழியில் போனால் 5.5. எக்ஸ்டென்ஷன் வயரும் ஜாயின்ட்டும் சேர்ந்து 11 மில்லி ஓம் என்றால் இறக்கம் 40 மில்லி வோல்ட்டிலிருந்து 60க்குப் போகும். வித்தியாசம் வெறும் 20. அதாவது 0.02 வோல்ட்.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் அதே 0.02தான். சென்சாரே அந்த அளவுக்கு முன்னே பின்னே காட்டும், ஆகவே ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் சொல்வது சரி: இந்த எண்ணை வைத்து ஒரு பின் போயிருக்கிறதா என்று சொல்லவே முடியாது.

வயருக்கு வயர் அளக்க வேண்டும். டிசி கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி அதில் ஓடும் கரன்ட்டைக் காட்டுவது) கிடைக்குமா? எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏசி மட்டும் அளக்கும், இதற்கு உதவாது. உங்கள் செட்டில் வயர்கள் தனித்தனியாக ஸ்லீவ் போட்டிருப்பதால் அவற்றை வரிசையாகப் பிடித்திருக்கும் சீப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் கவ்வலாம்.

வெள்ளைப்பெட்டி

அலுவலகத்தில் ஹார்டுவேர் டீமில் ஒருவரிடம் டிசி கிளாம்ப் இருந்தது, கெஞ்சி வாங்கி வந்தேன். ஃபர்மார்க் ஓடும்போது:

முதல் கேபிள்: 3.6, 3.8, 3.7.
இரண்டாவது: 5.4, 0.1, 5.6.

நடு வயரில் ஒன்றுமே ஓடவில்லை! ஆனால் கேம் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, தொட்டுப் பார்த்தால் சூடும் தெரியவில்லை. கழற்றி அந்த வயரைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் ஒரு மில்லி மீட்டர் பின்னால் வருகிறது. முதல் தடவை லேசாக இழுத்தபோது வரவில்லை.

சால்டரிங் மாமா

கேம் ஓடத்தான் செய்யும். நல்ல டெர்மினல் (வயர் நுனியில் உள்ள உலோகப் பின்) 5.5 ஆம்பியரைத் தாங்கும். அடுத்ததும் தளர்ந்தால் மிச்சமிருக்கும் ஒரே பின்னில் 11 ஆம்பியர் போகும். ஆபீஸ் மெஷின் கதை அங்கேதான் தொடங்கும்.

அந்த டெர்மினலில் இரண்டு சின்ன இறக்கை இருக்கும், உறைக்குள் விரிந்து கொக்கி போடுவது அதுதான். இறக்கையை ஊசியால் கொஞ்சம் விரித்துத் திரும்பத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் வாங்கிய சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் மாற்றுவதே நல்லது. நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், அவர் வேலையை நீங்கள் ஏன் செய்ய வேண்டும்?

வெள்ளைப்பெட்டி

மாற்றிக்கொடுத்துவிட்டார். கிளாம்ப் ரீடிங்கை போனில் காட்டியதும் பேச்சே இல்லை. புது செட்டில் ஆறு வயரும் 3.5க்கும் 3.9க்கும் நடுவே. வைத்துக்கொள்கிறேன்.

ராத்திரி ஷிஃப்ட்

வைத்துக்கொள்ளுங்கள், என் ஓட்டை வாபஸ் வாங்கவில்லை. அளக்க மீட்டர் கிடைத்ததால் தப்பித்தீர்கள். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் டிசி கிளாம்போடு உட்காரப் போகிறார்கள்?

மாரத்தஹள்ளி 5090

என்னுடையது 16 பின் பவர் கனெக்டர் உள்ள 5090 கார்டு. அதற்கும் வெள்ளை எக்ஸ்டென்ஷன் விற்கிறார்கள். மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்துமா?

சால்டரிங் மாமா

பொருந்தாது. இங்கே நான் ராத்திரி ஷிஃப்ட் கட்சி.

8 பின்னில் பின்னுக்கு 4.2 ஆம்பியர், ஏறக்குறைய அதே அளவு இன்னும் தாங்கும் இடமிருக்கிறது. 16 பின்னில் 600 வாட் ஆறு பின்னில் போகிறது, பின்னுக்கு 8.3. அந்தப் பின்னுக்கு விதித்திருப்பது 9.5. பின்களும் சின்னவை, 4.2 மி.மீ. இடைவெளி 3 மி.மீ.யாகச் சுருங்கிவிட்டது. ஒரே ஒரு பின் போனால் மீதி ஐந்திலும் 10 ஆம்பியர். அவ்வளவுதான் இடம்.

2022 அக்டோபரில் இதே 16 பின் உள்ள 4090 கார்டு வந்த சில வாரங்களிலேயே உருகிய கனெக்டர் படங்கள் வரத் தொடங்கின. பிறகு வந்த 12வி-2x6 என்ற திருத்திய 16 பின் சாக்கெட்டில் சென்ஸ் பின்களை (கனெக்டர் செருகியிருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்பவை) குட்டையாக்கினார்கள், முழுக்கச் செருகாவிட்டால் கார்டு பவர் இழுக்காதபடிக்கு. அரைகுறையாகச் செருகுவதை அது தடுக்கும். பின்களுக்குள் கரன்ட் சமமாகப் பிரியாததை அது தடுக்காது. 2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் யூடியூபர் டெர்8அவர் ஒரு 5090இல் அளந்து காட்டினார். ஒரே வயரில் 20 ஆம்பியருக்கு மேல் போனது. உங்கள் கார்டு 575 வாட். நடுவில் இன்னொரு ஜாயின்ட் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பிஎஸ்யுவோடு வந்த கேபிளை நேராகச் செருகுங்கள், கனெக்டரை ஒட்டி 35 மி.மீ. வரை வளைக்காதீர்கள். கண்ணாடி இடித்தால் கேஸை மாற்றுங்கள்.

மாரத்தஹள்ளி 5090

சரி மாமா. கறுப்பு கேபிளே இருக்கட்டும்.

மாதுங்கா டிஸ்க் | மும்பை

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. ஹார்ட் டிஸ்க் நான்கு சேர்த்திருக்கிறேன், சாட்டா பவர் முனை (டிஸ்க்குக்கு மின்சாரம் தருவது) போதவில்லை. மோலெக்ஸ் என்று சொல்லும் பழைய 4 பின் முனையிலிருந்து சாட்டாவாகப் பிரிக்கும் கேபிள் லாமிங்டன் ரோட்டில் கொட்டிக் கிடக்கிறது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

சால்டரிங் மாமா

கனெக்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். வயர்கள் பிளாஸ்டிக்கோடு ஒன்றாக வார்த்துக் கட்டியாக இருந்தால் வாங்காதீர்கள். வார்க்கும்போது உள்ளே வயர் நகர்ந்து 12 வோல்ட்டும் கிரவுண்டும் நெருங்கிவிடுகின்றன. பல மாதம் ஓடிவிட்டுத் திடீரென்று பற்றிக்கொண்டவை உண்டு. பின்னால் மூடி கழற்றுகிற மாதிரி, உலோகம் தனித்தனியாகத் தெரிகிற வகை என்றால் பரவாயில்லை. ஒரு சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு 54 வாட்தான் கணக்கு. டிஸ்க்குக்குத் தாராளம், ஆனால் அதிலிருந்து கார்டுக்கு 6 பின் எடுக்கும் அடாப்டர் பக்கமே போகாதீர்கள்.

அதற்கு முன்னால், பிஎஸ்யு மாடுலரா? பின்னால் சாட்டா போர்ட் காலி இருக்கிறதா பாருங்கள்.

மாதுங்கா டிஸ்க்

மாடுலர்தான். ஒரு போர்ட் காலி. பிஎஸ்யு வந்த பெட்டியிலேயே இரண்டாவது சாட்டா கேபிள் பிரிக்காமல் கிடக்கிறது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

சால்டரிங் மாமா

அதையே மாட்டுங்கள்.